பாதி வலை

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள், அண்ணாச்சி. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முதலில் ஏறியவன் நான்தான், ஆனாலும் எனக்கு எதிர்க்காற்று ஆகாது. உட்காருங்கள். காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டால் இந்த வாளியை நடுவில் வைத்துக்கொள்வேன்.

பயப்படாதீர்கள், உள்ளே நண்டு கிண்டு ஒன்றும் இல்லை. கொர்கொர் என்று சத்தம் வருகிறதே, அது பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார். மூடியைத் திறந்து காட்டட்டுமா? பாருங்கள். பாசி. கடல் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வலை, வலை நிறையப் பச்சைப் பாசி. அவ்வளவுதான். கண்டக்டரும் உங்களைப் போலத்தான் எட்டிப் பார்த்தான். "பெருசு, இத வீட்ல சமைப்பாங்களா?" என்று கேட்டான். பெருசு என்று கூப்பிடுகிறவனோடு நான் பேசுவதில்லை. டிக்கெட் கேட்டபோது "திருச்செந்தூர்" என்று ஒரே வார்த்தை சொன்னேன், அதோடு அவனுக்கும் எனக்கும் முடிந்தது.

நீங்களும் திருச்செந்தூரா? நல்லது. ரொம்ப நல்லது.

என் பெயர் இன்னாசி. படிப்பு மூன்றாம் வகுப்பு. வாத்தியார் ஒரு நாள் என்னை ஒரு வார்த்தை சொன்னார், நான் பள்ளிக்கூடத்தோடு பேச்சை நிறுத்திவிட்டேன். இப்போது அறுபத்தேழு வயது. இன்னும் பேசவில்லை. பள்ளிக்கூடம் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

வேலை? தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் முப்பத்துநாலு வருஷம் தோணிக்கு அடி சுரண்டினேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகுமே, அந்த மரக்கப்பல்தான் தோணி. தண்ணீரில் கிடக்கக் கிடக்க அடியில் பாசி பிடிக்கும், சிப்பி ஒட்டும். அப்படியே விட்டால் தோணி ஓடாது, தவழும். கரையில் இழுத்துப் போட்டு, அடியில் மல்லாந்து படுத்து, சுரண்டியால் சுரண்ட வேண்டும். நான் சுரண்டிய தோணியில் முதலாளி வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்ப்பார். கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பும். ஒரு இழை விடமாட்டேன். வேறு எதிலும் எனக்குக் கெட்டிக்காரன் என்ற பெயர் கிடையாது, அதில் மட்டும் உண்டு. என்னை முட்டாளாக்கியதும் அதுதான். சொல்கிறேன்.

என் மனைவி பிலோமிக்கு ஒரு தம்பி. ரெமிஜியுஸ். வீரபாண்டியன்பட்டினத்தில் வீடு, ஐஸ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர், படித்தவன், சட்டைப் பையில் எப்போதும் பேனா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் மகள் ஜெனோவாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தகப்பனார் மரியாதையாகத்தான் கேட்டார், "சம்பந்தி கப்பல்ல என்ன வேல பாத்தாவ?" என்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் இவன் குறுக்கே விழுந்தான்.

"அத்தானா? அத்தான் கப்பலுக்குச் சவரம் பண்றவுங்க!"

கூடமே சிரித்தது, அண்ணாச்சி. சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெபம் சொல்ல வந்த சாமியார் கையில் கேக்குத் துண்டோடு சிரித்தார். பிலோமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் என்று இன்றுவரை சாதிக்கிறாள். வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நல்ல வார்த்தை. ஆத்திரமே அதுதான்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. முகச்சவரமும் இல்லை. இந்தத் தாடியைப் பார்க்கிறீர்களே, யாராவது வேண்டுதலா என்று கேட்டால் ஆமாம் என்பேன். சவரம் என்ற சொல் என் முகத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பதற்காக விட்டது. அவன் வெட்கப்படட்டும் என்று நான் புதர் வளர்த்துக்கொண்டு திரிகிறேன். வெயில் காலத்தில் அரிப்பு எனக்கு.

அதோ பழையகாயல் உப்பளம். இதைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

பிலோமி மாதம் ஒருமுறை தம்பி வீட்டுக்குப் போவாள். நான் தடுத்ததில்லை. போய்விட்டு வந்து அவள் சொல்வதைக் கேட்காத மாதிரி கேட்பேன். போன வருஷம் ஒரு நாள் வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "கண்ணாடிப் பெட்டிக்குள்ள கடலையே கொண்டாந்து வச்சிருக்கான்!" என்றாள். உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன். அழுக்கை நுரை நுரையாகத் துப்புகிற வெளிநாட்டு மெஷின் வேறு.

"எத்தன அடி தொட்டி?" என்று கேட்டேன்.

"மூணு அடி இருக்கும்."

அடுத்த வாரம் என் வீட்டு முன்னறையில் மூன்றரை அடித் தொட்டி வந்து இறங்கியது.

மீன் வளர்ப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடல்? கடல் எனக்குத் தெரியாதா? குடத்தோடு போனேன், துறைமுகத்து ஓரம் மொண்டு வந்தேன். அந்தத் தண்ணீரில் டீசல் மிதக்கும் என்று எனக்கே தெரியும், அதில் பாதி வாழ்நாள் நின்றவன் நான். மீன் வாங்குகிற பரபரப்பில் மறந்துவிட்டது. முதலில் விட்ட நாலு நீலக்குட்டி மீனும் சாயங்காலத்துக்குள் பூனைக்குப் போனது. அப்புறம் ஊரைத் தாண்டிப் போய்ச் சுத்தமான கடல் தண்ணீர் கொண்டு வந்தேன். தொட்டியில் தண்ணீர் மட்டம் குறையக் குறையக் கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பினேன். அடுத்த நாலு மீனும் போனது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு போகாதாம், தொட்டியிலேயே தங்கி ஏறிக்கொண்டே இருக்குமாம். குறைந்ததற்கு உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். வெளியே பாருங்கள், அண்ணாச்சி. வெயிலில் தண்ணீர் போய் உப்பு நிற்கிறது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இதைச் சொல்லித் தந்தவர் மீன்கடை ஷாகுல் பாய். நல்ல மனிதர். அவர் கடையில்தான் கோமாளி மீன் ஜோடி வாங்கினேன், கடையிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தது. பெரியது பெண், சின்னது ஆண். பிலோமி பார்த்த உடனே பெயர் வைத்துவிட்டாள், பெரியது ஜெனோவா, சின்னது மருமகன். எங்கள் மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். போனில் பேசியது போக மிச்சத்தை பிலோமி தொட்டியிடம் பேசுவாள். தட்டை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால்தான் உட்காருவாள். "இன்னிக்குச் சாளைக் கொழம்புடி" என்பாள். மீனிடம் மீன்குழம்பைப் பற்றிச் சொல்கிறாயே என்று கேட்டேன். முறைத்தாள்.

ஆனால் தண்ணீர் நாலு வாரத்தில் பச்சையாகிவிட்டது. கண்ணாடியில் பாசி, கல்லில் பாசி. ஷாகுல் பாய்தான் வழி சொன்னார். ஆல்கே ஸ்க்ரப்பர் என்றார். அது என் வாயில் நுழையவில்லை, நான் பாசிவலை என்கிறேன். சொரசொரப்பான பிளாஸ்டிக் வலை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். மேலே ஒரு குழாயில் நீளமாகக் கீறல் போட்டு, தொட்டித் தண்ணீர் வலைமேல் மெல்லிசாக வழிந்து திரும்பத் தொட்டிக்கே போகிற மாதிரி செய்ய வேண்டும். பக்கத்தில் நல்ல விளக்கு. வலையில் பாசி அடர்த்தியாக வளரும். மீன் கழிவு, தீனி மிச்சம், தண்ணீரில் கரைந்த எல்லா அழுக்கையும் அந்தப் பாசி தின்றுவிடும். தொட்டியில் பாசிக்குச் சாப்பாடே இருக்காது. வாரம் ஒருமுறை வலையைச் சுரண்டி வீசினால் அழுக்கையே வீசின மாதிரி.

"பாய், முப்பத்துநாலு வருஷம் பாசிய எடுக்கத்தான் எனக்குக் கூலி. இப்ப நான் அத வளக்கணுமா?" என்று கேட்டேன்.

"வளத்து எடுக்கணும், அண்ணே. அதுவும் எடுக்கும்போது..." என்று ஆரம்பித்தார்.

"பாய், எது வேணும்னாலும் சொல்லித் தாங்க. சுரண்டுறத மட்டும் எனக்குச் சொல்லித் தராதீங்க" என்று கிளம்பிவிட்டேன். அவர் கடை வாசல் வரை வந்து ஏதோ சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சுரண்டுவதைப் பற்றி இன்னாசிக்கா?

வலை கட்டினேன். செடி வளர்க்கிற ஊதா விளக்கு மாட்டினேன். ஜன்னலெல்லாம் ஊதாவாகிவிட்டது. எதிர் வீட்டு மரிய செல்வம் வந்து, "என்ன, உங்க வீட்ல மட்டும் தவக்காலம் சீக்கிரம் ஆரம்பிச்சிட்டா?" என்று கேட்டாள். தவக்காலத்தில்தான் கோயிலில் எல்லாம் ஊதாத் துணி. அவளோடும் இப்போது பேச்சில்லை.

பாசி வந்தது, அண்ணாச்சி. முதலில் பழுப்பாகச் சளி மாதிரி, அப்புறம் பச்சை. சனிக்கிழமை காலையில் வலையைக் கழற்றினேன். பழைய சுரண்டியை எடுத்தேன். முன்னும் பின்னும் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, தேங்காய் நார் போட்டு, கடைசித் தண்ணீரில் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து அலசினேன். வலை கடையில் வாங்கியதைவிட வெள்ளையாக இருந்தது. பிலோமியின் கைக்குட்டையை வாங்கித் தேய்த்துக் காட்டினேன். "பாத்தியா?" என்றேன். நன்றாகக் காயட்டும் என்று கொடியில் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப மாட்டினேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும். ஒன்றுகூடத் தவறவில்லை.

தொட்டி நாளுக்கு நாள் மோசமானது. வலை பளபளவென்று இருக்கிறது, மீன் இருக்கிற தண்ணீர் குட்டை மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. ரெமிஜியுஸும் ஷாகுல் பாய் கடையில்தான் சாமான் வாங்குகிறவன். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு எனக்கு உருப்படாத வலையைத் தள்ளிவிட்டார்கள். சந்தேகமே இல்லை. அன்றோடு ஷாகுல் பாயோடும் பேச்சை நிறுத்தினேன். ஊரில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரோடும் நான் பேசுவதில்லை. அப்புறம் யாரிடம் கேட்பது? சுரண்டியைத் தீட்டிக்கொண்டு இன்னும் அழுத்திச் சுரண்டினேன்.

இது முக்காணிப் பாலம். கீழே தாமிரபரணி. தூங்கிவிடாதீர்கள், அண்ணாச்சி. இனிமேல்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று அப்புறம் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், ஜெனோவா ஒருக்களித்துக் கிடக்கிறது. மருமகன் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பிலோமி என்னைக் கேட்கவில்லை. போனை எடுத்தாள், தம்பியைக் கூப்பிட்டாள். ஒரு மணி நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் வாசலில் அவன் செருப்பு. நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். உடம்பு கொல்லையில் நின்றது, காதை முன்னறையில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

அவன் தொட்டியைப் பார்த்தான். அப்புறம் கொல்லை வாசலுக்கு வந்தான். நான் குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொடியில் பிலோமி சேலைக்கும் என் சாரத்துக்கும் நடுவில் வலை கிடந்தது. முதல் நாள் சனிக்கிழமை அல்லவா, மாட்ட மறந்திருந்தேன்.

"அக்கா, இத யாரு கழுவுனா?"

"உங்க அத்தான்தான். வாரா வாரம்."

"பிளீச்சிங் வாசம் வருதே?"

"அது கடைசித் தண்ணிக்கு."

சிரிக்கப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவில்லை.

"இதுல ஒரு வேர் கூட இல்லியேக்கா. முளைக்க முளைக்க மொட்டையடிச்சிருக்காவ. அந்தப் பாசிதான அழுக்கத் திங்குது? ரெண்டு நாள் தாடி மாதிரி கொஞ்சம் விட்டு வைக்கணும். இந்த வாரம் ஒரு பாதி, அடுத்த வாரம் மறுபாதி. அப்பத்தான் தழைஞ்சு வரும்."

தாடி என்றான். அடுத்த வார்த்தை அதுவாகத்தான் இருக்கும், வரட்டும், கதவை உதைத்துக்கொண்டு வெளியே போகலாம் என்று காத்திருந்தேன். ஒன்பது வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. அவன் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அதற்குப் பதிலாக என்ன கேட்டான் தெரியுமா?

"அக்கா, அத்தானுக்கு எம்மேல என்னதான் கோவம்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் தெரியல."

மறந்துவிட்டான், அண்ணாச்சி! நான் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது ஒருமுறை சொல்லிப் பார்க்கிற வார்த்தை. சொன்னவன் மறந்துவிட்டான். இதற்கு ஒரு தனிக் கோபம் வந்தது. பழைய கோபத்தோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொண்டேன்.

அவன் இரண்டு மீனையும் வாளியில் எடுத்துக்கொண்டு போனான். "தொட்டி தேறட்டும், அக்கா. அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்." இரண்டும் அங்கே பிழைத்துக்கொண்டன. பிலோமி காலித் தொட்டிக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பேசாமல் இருந்துதான் பழக்கம், பேசாதவளோடு இருந்து பழக்கமில்லை. அந்த மூன்று மாதம் இருக்கிறதே, வேண்டாம்.

அந்த மூன்று மாதமும் மீனில்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டேன், பாசிக்குச் சாப்பாடு வேண்டுமே. சனிக்கிழமை வந்தால் பாதி வலை மட்டும் சுரண்டினேன், அதுவும் மேலாக. நீங்கள் லேசாக நினைக்கிறீர்கள். கையில் சுரண்டி இருக்கிறது, எதிரில் பச்சை இருக்கிறது, விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும்! முதல் வாரம் வலது கையை இடது கையால் பிடித்து இழுத்தேன். வலையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு மாட்டினேன். ஆனால் ஆறாவது வாரம் தண்ணீர் தெளிந்தது. பத்தாவது வாரம் தொட்டியின் அந்தப் பக்கத்தில் காலண்டர் வைத்தால் இந்தப் பக்கத்திலிருந்து தேதி படிக்கலாம். எல்லாம் என் கைப் பழக்கம்தான். யாரும் சொல்லித் தரவில்லை. சரி, ஒரு ஆள் ஏதோ சொன்னான். கதவுக்கு வெளியே சொன்னதெல்லாம் சொல்லித் தந்ததாகுமா?

மீனைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று இருந்தபோது பிலோமி அங்கே போனாள். போய் நாலு நாள் ஆகிறது. நேற்றுக் காலையில் போன் பண்ணினாள். ஜெனோவா முட்டையிட்டிருக்கிறதாம். ஒரு பூந்தொட்டி ஓட்டின் உள்பக்கம், ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கில். மருமகன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறுகிறதாம். இப்போது அந்த ஜோடியை அசைக்கவே கூடாது. அசைத்தால் முட்டை போச்சு. அதே நேரத்தில் அவனுடைய வெளிநாட்டு மெஷின் எரிந்துவிட்டது. மாற்றுச் சாமான் வர இரண்டு வாரமாகுமாம். தண்ணீர் கலங்குகிறது, மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது.

"உங்க வலை இருந்தா பிழைச்சிரும்னு தம்பி சொல்லுதான். உங்ககிட்ட கேக்கப் பயப்படுதான். நான் கேக்கேன்" என்றாள். அவள் குரல் சரியில்லை. எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி எட்டரை வருஷம், அண்ணாச்சி. இன்னும் பிள்ளை இல்லை. பிலோமி அந்த ஓட்டுத் துண்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். மீன் முட்டைக்கும் இதற்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

இன்று காலையில் வலையைக் கழற்றி, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். இது நல்ல பாதி. மோசமான பாதியைக் கொடுத்தால் சிரிப்பான், அதனால். வேர் பிடித்த பாசி, போட்ட உடனே வேலையைத் தொடங்கும். வழியில் காய்ந்துவிடக் கூடாது, வாளி சாயக் கூடாது. நான் மீனுக்காகப் போகிறேன். அவனுக்காக இல்லை. அதில் தெளிவாக இருங்கள்.

ஆறுமுகநேரி போய்விட்டது, இது காயல்பட்டினம். சரி, நேரம் வந்துவிட்டது. உங்களிடம் எதற்கு இவ்வளவும் சொன்னேன் என்றால், அடுத்து வருவது வீரபாண்டியன்பட்டினம். எந்த பஸ் என்று பிலோமியிடம் சொல்லிவிட்டேன், அவன் நிறுத்தத்தில் நிற்பான். நான் இறங்கப் போவதில்லை. அதற்காகத்தான் திருச்செந்தூர் டிக்கெட். இறங்கினால் பேச வேண்டி வரும். நீங்கள் ஜன்னல் ஓரம் இருக்கிறீர்கள். பஸ் நின்றதும் வாளியை அப்படியே ஜன்னல் வழியாக அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். காற்று ஆகாது என்றதெல்லாம் சும்மா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதோ நிற்கிறான். நீலச் சட்டை. சட்டைப் பையில் பேனா, பார்த்தீர்களா? வெயிலில் தொப்பிகூட இல்லாமல் நிற்கிறான், மடையன். பிடியுங்கள், தூக்குங்கள், அடியில் பிடியுங்கள்...

என்ன? கம்பியா?

குறுக்கே இரண்டு கம்பி. வாளி நுழையாது. காலையிலிருந்து எல்லாவற்றையும் யோசித்தேன், பஸ் ஜன்னலில் கம்பி இருக்கும் என்று யோசிக்கவில்லையே! பஸ்ஸையே பார்க்காதவன் மாதிரி! வலையை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம் என்கிறீர்களா? ஐயோ, கூடாது, இந்த வெயிலில் வீடு போவதற்குள் காய்ந்துவிடும். அவன் வேறு கம்பி வழியாகக் கையை விட்டு இழுக்கிறான், சாய்க்கிறான், தண்ணீர் போகிறது...

"ஏ ரெமிஜியு! இழுக்காதல! கைய எடு! பின்வாசலுக்கு வா, நான் கொண்டாறேன்! எரிஞ்ச மெஷினக் கழட்டிட்டியா? மொதல்ல விளக்கு வாங்கி வச்சிருக்கியா, அதச் சொல்லு! வெள்ள விளக்கா? போச்சு! அக்காட்ட சொல்லி... சரி விடு, நான் வந்து பாத்துக்கிடுதேன்! நிழல்ல நில்லுல!"

கண்டக்டர் தம்பி, விசில் ஊதிவிடாதே, ஒரு இறக்கம் இருக்கிறது. வழி விடுங்கள் அம்மா, பாசி, பாசி, சேலையில் படும்.

வருகிறேன், அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவேன். பாதி சுரண்டுவது எப்படி என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அதைப் பேசாமல் காட்ட முடியாது, அதுதான் தொந்தரவு. இன்னும் ஒன்று. யார் முதலில் பேசியது என்று யாராவது உங்களைக் கேட்டால், நீங்கள் முக்காணிப் பாலத்திலேயே தூங்கிவிட்டீர்கள்.